பழைய துறையில் கிடந்த போட்டுகள்

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கோங்கம்மா, எனக்கு இந்தப் பக்கம் போதும். எங்க முத்தங்கரையில வண்டி நின்னப்ப நீங்க எட்டி எட்டிப் பாத்ததை நான் பாத்தேன். மணல்ல ஒரு போட்டு நிக்குல்ல, பச்சைப் பெயின்ட் அடிச்சு, மேல கூரை போட்டு, தண்ணியில கிடக்க வேண்டியது ஏன் கரையில நிக்குன்னுதானே பாத்தீங்க. எல்லாரும் பாக்கத்தான் செய்தாக. கண்டக்டர் தம்பிகிட்ட கேட்டா, அது கவுன்சிலர் போட்டுன்னு சொல்லுவாரு. அந்தக் கவுன்சிலர் நான்தான். மதலேன். மூணாவது வார்டு.

நான் அதிகம் பேசமாட்டேன். கேட்டவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவேன். நீங்க வாயைத் தொறந்து கேக்கல, ஆனா கேக்கணும்னு நெனச்சீங்க, அது மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. திருநெல்வேலி வரைக்குமா போறீங்க. அப்ப நேரம் இருக்கு.

எங்க ஊர்ல ஆறு வந்து கடல்ல சேருத இடத்துல சர்க்கார் கட்டின படகுத்துறை ஒண்ணு இருக்கு. பொதுத்துறை, யாரு வேணும்னாலும் போட்டு கட்டலாம். பக்கத்து ஊர்ல பெரிய துறைமுகம் வந்த உடனே இதை மூடிட்டாங்க. கேட்டைப் பூட்டி, கரண்டை வெட்டி, வாட்ச்மேனையும் வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. ஓடுத போட்டெல்லாம் அங்க போயிருச்சு. ஓடாததெல்லாம் இங்கேயே கிடந்துச்சு. இன்ஜின் போனது, பலகை உளுத்தது, டீசலுக்குக் கட்டுபடியாகாம விட்டது, ஓட்டுன ஆளுக்கே வயசாகிப் போனது. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு, பாதி முங்கி, பாதி மிதந்து, பாக்கவே சகிக்காது. எங்க வீட்டுக்காரர் போட்டும் அதுல ஒண்ணு. அடைக்கல மாதான்னு பேரு. அவுக பேரு கஸ்பார். முப்பது வருசம் அதுலதான் கடலுக்குப் போனாக. முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்ன பெறகு நிப்பாட்டிட்டாக.

இதுல ஆம்பளைங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல. நட்டமெல்லாம் மட்டி அள்ளுத பொம்பளைங்களுக்கு. மட்டி தெரியுமாம்மா, சிப்பி மாதிரி, ஆத்து மணல்ல புதைஞ்சு கிடக்கும். காலையில வள்ளம்னு சொல்லுத சின்னப் படகுல போயி, இடுப்பளவு தண்ணியில நின்னு அள்ளி, மத்தியானம் மூட்டை மூட்டையா கொண்டு வருவாக. துறையில வந்து இறங்குனா அப்பிடியே லாரியில ஏத்திரலாம். துறை பூரா செத்த போட்டு கிடந்தா எங்க இறங்க. அந்தக் கோடியில சேத்துல இறங்கி, மூட்டையைத் தலையில வெச்சு, முழங்கால் முட்டச் சேத்துல நடந்து வரணும்.

அப்பிடி நடந்து வந்தவதான் அமலோற்பவம். என் கொழுந்தன் பெஞ்சாதி. தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்த ஏதோ ஒரு போட்டோட இரும்புக் கம்பி, பாதத்துல ஏறி மேல வந்துருச்சு. ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கிடந்தா. இப்பவும் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பா. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன், எலெக்சன்ல நிக்கணும்னு. அவளைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனவ, அங்க வந்திருந்த எல்லார்கிட்டயும் ஓட்டுக் கேட்டுட்டுத்தான் திரும்பினேன். நான் ஜெயிச்சா மொத வேலை துறையைத் தொறக்கிறதுன்னேன். ஜெயிச்சேன். எனக்குப் பேச வராதுன்னாலும் ஜனங்களுக்கு என்னைப் பிடிக்கும்.

மீன்துறை ஆபீசுக்கு நடையா நடந்தேன். கடைசியில, போட்டுச் சொந்தக்காரங்க சம்மதிச்சா கிரேன் அனுப்புதோம்னு சொல்லிட்டாங்க. சரின்னு கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டேன். ஊர் ஆம்பளைங்க எல்லாம் வந்து வரிசையா உக்காந்தாக. நான் விவரமா பேசினேன். விவரமான்னா, மூணு தடவை டீ குடுக்க வேண்டி வந்துச்சு. முடிச்சுட்டு, எல்லாருக்கும் சம்மதந்தானேன்னு கேட்டா, அத்தனை பேரும் தலையாட்டினாக. எங்க ஊர் ஆம்பளைங்க தலையாட்டுறது பாக்க அவ்வளவு அழகா இருக்கும்மா. ஒரு ஆளு மறுத்துப் பேசணுமே, பேசமாட்டாக. அவ்வளவு மரியாதை.

கிரேன் வந்துச்சு. பரமசிவம்னு கோவில்பட்டித் தம்பி ஒருத்தரு ஓட்டுனாரு, நல்ல பிள்ளை. மொத நாள் கேட்டுச் சாவியைக் காணோம். எல்லா இடத்துலயும் தேடியாச்சு, இல்ல. அடுத்த நாள் பூட்டை உடைச்சு உள்ள போனா, போட்டுக்கெல்லாம் புதுசு புதுசா கயிறு கட்டியிருக்கு. செத்துக் கிடக்கிற போட்டு எங்க ஓடிப்போகப் போகுதுன்னு கயிறு கட்டுதாக. அதை அவுக்கவே மத்தியானமாச்சு. மத்தியானம் போட்டுக்காரர் மொராயிஸ் அண்ணாச்சி வந்து, தம்பி பசியோட வேலை பாக்கக் கூடாதுன்னு பரமசிவத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சீலா மீன் குழம்பு, நண்டு வறுவல், மேல ஒரு சொம்பு மோர். சாப்பிட்டு வந்த தம்பி கிரேன் நிழல்ல படுத்தது, பொழுது சாயத்தான் எந்திரிச்சுது. மறுநாள் இன்னொரு போட்டுக்காரர் ரொட்ரிகோ வீட்டுல சாப்பாடு. அதுக்கு மறுநாள் இன்னொரு வீடு. ஒரு வாரத்துல அந்தத் தம்பியால சட்டைப் பட்டன் போட முடியல. போட்டு ஒண்ணு கூட எடுக்கல.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. இது பெஞ்சமின் வேலை. எனக்கு முந்தி கவுன்சிலரா இருந்தவரு. நேரா அவரு வீட்டுக்குப் போயி வாசல்ல நின்னு கேக்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். நான் கேட்டு முடிச்ச பெறகுதான் வேலைக்காரப் பொண்ணு வந்து, அய்யா மக பிரசவத்துக்கு மெட்ராஸ் போயி ஒரு மாசமாச்சேன்னா. போனா என்ன, போன் இல்லையா. அங்க இருந்தே தூண்டி விட்டிருப்பாரு.

சரி, நாமளே போயிப் பாப்போம்னு ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச உடனே துறைக்குப் போனேன். நான் அந்த நேரத்துக்கு அங்க போனதே கிடையாது. எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுட்டு வெளிய போவாக, எங்கன்னு கேட்டா "இந்தா வாரேன்"ம்பாக. சீட்டு விளையாடப் போறாகன்னு நெனச்சிருந்தேன்.

கேட்டுக்கிட்ட போயி நிக்கேன், ஒரு சத்தம் இல்ல. எட்டிப் பாத்தா, ஒவ்வொரு போட்டுலயும் ஒவ்வொரு ஆளு உக்காந்திருக்காரு. சீட்டுமில்ல, தண்ணியுமில்ல. ஒருத்தரோட ஒருத்தரு பேசவுமில்ல. மொராயிஸ் அண்ணாச்சி அவரு போட்டு முன்பக்கத்துல காலை நீட்டி. ரொட்ரிகோ கண்ணை மூடிக்கிட்டு. என் கொழுந்தன் ரேடியோவைக் காதுகிட்ட வெச்சு, அதுவும் சத்தத்தைக் குறைச்சு. எங்க வீட்டுக்காரர் அடைக்கல மாதாவுல, தலகாணியில சாஞ்சு தண்ணியைப் பாத்துக்கிட்டு இருக்காக. எந்தத் தலகாணி. பூப்போட்ட தலகாணி. ரெண்டு வருசமா நான் தேடாத இடமில்ல. இந்தப் பக்கம் மட்டி அள்ளுத ரெஜினா வீட்டு கெட்டில், அந்தப் பக்கம் கோயில் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. பாதி ஊர்ச் சாமான் அங்க இருக்கு.

"இங்க என்ன பண்ணுதீக?"ன்னு கேட்டேன்.

அவுக திடுக்கிட்டு எந்திரிச்சாக. "சும்மா இருக்கேன்."

"சும்மா இருக்கதுக்கு வீடு இல்லையா?"

தண்ணியைப் பாத்தாக. "இங்க காத்து வரும்"னாக.

நியாயம்தானே. எங்க வீடு கொஞ்சம் புழுக்கம்தான். மறுநாளே டவுனுக்குப் போயி ஒரு டேபிள் ஃபேன் வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா அன்னைக்கு விடல. "நான் மேல வாரேன், கையைப் பிடிங்க"ன்னேன்.

அவுக மலைச்சுப் போயி நின்னாக. எங்க ஊர்ல பொம்பளைங்க போட்டுல ஏறமாட்டாகம்மா. ஏறினா மீன் படாதுன்னு ஒரு பேச்சு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அந்தப் போட்டுக்குக் கஞ்சி குடுத்துவிட்டிருக்கேன், கிழிஞ்ச வலை பொத்தியிருக்கேன், புயல்னா கரையில நின்னு ராத்திரி பூரா செபம் சொல்லியிருக்கேன். ஆனா ஏறினதில்ல. "இனிமே என்ன மீன் படப் போகுது"ன்னு சொன்னேன். அவுக குனிஞ்சு கையைக் குடுத்தாக. நல்ல பலமான கை. இழுத்து மேல விட்டாக.

ஏறி நின்னா, என்ன சொல்ல. உள்ள அவ்வளவு சின்னதா இருந்துச்சு. கரையில இருந்து பாக்கப் பெருசா தெரியும். இதுக்குள்ளயா இந்த மனுசன் முப்பது வருசம், அந்தத் தண்ணியில, அந்த இருட்டுலன்னு இருந்துச்சு. எதிர்ல இருந்த பலகையில உக்காந்தேன். தொடங்கினேன். துறையைப் பத்தி, கிரேனைப் பத்தி, பெஞ்சமினைப் பத்தி, தலகாணியைப் பத்தி. அவுக கேட்டுக்கிட்டே இருந்தாக. நடுவுல ஒரு தடவை, "இங்க கொஞ்சம் சத்தமில்லாம இருக்கும் மதலேன்"னாக.

"இன்ஜினைத்தான் கழட்டியாச்சே, சத்தம் எங்க இருந்து வரும்"னேன்.

தலையாட்டினாக. நான் சொல்லுறது சரின்னா உடனே தலையாட்டிருவாக.

அதுக்குள்ள மட்டி அள்ளப் போன வள்ளம் வந்துருச்சு. பொம்பளைங்க சேத்துல இறங்கி வாராக, நான் போட்டு மேல உக்காந்திருக்கதைப் பாத்து எல்லாரும் நின்னுட்டாக. ரெஜினா அவ கெட்டிலைப் பாத்துட்டா. அவ ஆரம்பிச்சா, பெறகு ஆளாளுக்கு ஆரம்பிச்சாக. இது எங்க வீட்டுப் பாய், இது எங்க அம்மா தந்த கண்ணாடின்னு. ஆம்பளைங்க ஒருத்தரு மூஞ்சியையும் பாக்க முடியல. பரமசிவம் தம்பி கிரேன் நிழல்ல இருந்து எந்திரிச்சு வந்து வேடிக்கை பாத்துச்சு.

அமலோற்பவம் மட்டும் தள்ளி நின்னா. அவ இப்ப மூட்டை தூக்கமாட்டா, வள்ளத்துல இருந்து எடுத்துக் குடுப்பா, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் அவளைப் பாத்து, "கால் எப்பிடிம்மா இருக்கு?"ன்னு கேட்டாக.

"இருக்கு மச்சான்"னா.

"எந்த இடத்துலம்மா குத்துச்சு? நான் கேக்கவே இல்ல."

அவ என்னைப் பாத்தா, பெறகு தண்ணியைப் பாத்தா. அவுக திரும்பவும் கேட்டாக. அவ மெதுவா கையை நீட்டிக் காட்டினா. நாங்க உக்காந்திருந்த போட்டுக்கு அடியில, பின்பக்கமா.

நான் கூட அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இத்தனை நாளும் அவ வாயைத் தொறக்கல. அவ புருசன்கிட்டயும் சொல்லல.

எங்க வீட்டுக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுத் தண்ணியில இறங்கினாக. முட்டி வலியோட. குனிஞ்சு தண்ணிக்குள்ள கையை விட்டு போட்டு அடியைத் தடவிக்கிட்டே போனாக. ஒரு இடத்துல கை நின்னுச்சு. அப்பிடியே நின்னாக, தோள் வரைக்கும் தண்ணியில. ரொட்ரிகோ எந்திரிச்சு நின்னுட்டாரு. போட்டைத் திருப்பச் சுக்கான் பிடிக்கிற கம்பி அது, உடைஞ்சு தண்ணிக்குள்ள தொங்கியிருக்கு. முப்பது வருசம் அவுக கையில பிடிச்ச கம்பி.

மேல வந்து, அமலோற்பவத்துக்கு முன்னால நின்னு, "நீ சொல்லியிருக்கலாம்மா"னாக.

"நீங்க தினம் அதுல வந்து உக்காந்திருப்பீக மச்சான். எனக்குத் தெரியும். அதான்"னா.

அவுக பரமசிவத்தைத் திரும்பிப் பாத்து, "தம்பி, கிரேனை எடு. மொதல்ல இது"ன்னாக.

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு ஆளு ஒண்ணும் சொல்லல. மொராயிஸ் அண்ணாச்சி மட்டும் மெல்ல வந்து, "கவுன்சிலரம்மா, எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் கரையில நிப்பாட்டி விடுங்க. என்னோடதுதான் பெருசு, எல்லாருக்கும் இடம் காணும்"னாரு. நான் ஒத்துக்கிட்டேன். ஆம்பளைங்களுக்குக் கடலை விட்டுப் பிரிஞ்ச ஏக்கம்மா அது, வேற என்ன. இல்லைன்னா ஒரு மனுசன் வீட்டுல பொண்டாட்டி, ஃபேன், டிவி எல்லாம் இருக்கப்ப உளுத்துப் போன பலகையில வந்து உக்காருவானா.

அடைக்கல மாதாவுக்கு, கிரேன் தூக்குத பட்டையை அவுகளே கட்டினாக. பரமசிவம் நான் கட்டுதேன்னு சொன்னதுக்கு, வேண்டாம் தம்பி, அதுக்கு எங்க பிடிச்சா வலிக்காதுன்னு எனக்குத் தெரியும்னாக. தூக்கினப்போ பக்கத்துல இருந்து தண்ணி கொட்டுச்சு பாருங்க, கொட்டிக்கிட்டே இருந்துச்சு. குட்டி குட்டி நண்டெல்லாம் அதோட விழுந்துச்சு. மேல போகப் போக அந்தப் போட்டு லேசாகி, ஒரு பக்கமா திரும்பி, கடலைப் பாத்து நின்னுச்சு. நான் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு வார்த்தை வரல. அவுக ரெண்டு தடவை என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தாக. "ஒடம்புக்கு முடியலையா மதலேன்?"னு பக்கத்துல வந்து கேட்டாக. எனக்கு ஒண்ணும் இல்லன்னேன். அப்பவும் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாக.

அதுக்குப் பெறகு மடமடன்னு நடந்துச்சு. யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிடல, பரமசிவம் தம்பிதான் பாவம், இளைச்சுப் போச்சு. முங்கினது, மிதந்தது எல்லாத்தையும் எடுத்து, வெட்ட வேண்டியதை வெட்டி லாரியில ஏத்தியாச்சு. கேட்டைத் தொறந்து, கரண்டு குடுத்து, படியைக் கழுவி விட்டோம். மொதல்ல வந்த வள்ளத்துல இருந்து அமலோற்பவத்தைத்தான் இறக்கினோம். சேறு படாம படியில கால் வெச்சு ஏறி வந்தா. மேல வந்து நின்னு அவ காலையே பாத்துக்கிட்டா. சிரிச்சா. நான் அரை மணி நேரம் பேசினேன், மைக் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

மொராயிஸ் அண்ணாச்சி போட்டைக் கரையில நிப்பாட்டி, பெயின்ட் அடிச்சு, கூரை போட்டுக் குடுத்தேன். ஆம்பளைங்க எல்லாரும் அதுல போயி உக்காந்தாக. பாக்க எனக்கு அவ்வளவு சந்தோசம். அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. கவுன்சிலருக்குன்னு ஒரு இடம் வேண்டாமா, ஜனங்க வந்து குறை சொல்ல. சாயங்காலம் சாயங்காலம் அங்கேயே உக்காரலாமேன்னு நெனச்சேன். காத்தும் வருது, ஆட்களும் இருக்காக. மொத நாள் நான் ஏறி உக்காந்ததும் எல்லாரும் எந்திரிச்சு இடம் விட்டாக. ரெண்டாவது நாள் பாதிப் பேரு. மூணாவது நாள் பாத்தா, அத்தனை பேரும் துறையில நிக்காக. பொம்பளைங்ககிட்ட இருந்து மட்டி மூட்டையை வாங்கி லாரியில ஏத்துதாக. கூப்பிடாம. சொல்லாம. ரெஜினா என்கிட்ட வந்து, "யக்கா, நீங்க என்னக்கா பண்ணுனீக, எங்க வீட்டு மனுசனை என்னால ஒரு குடம் தண்ணி தூக்க வைக்க முடியல"ன்னா. நான் என்ன பண்ணேன், ஒண்ணும் பண்ணல. நல்லது நடக்கிற இடத்துல மனுசங்க திருந்தத்தான் செய்வாக.

எங்க வீட்டுக்காரரும் மொராயிஸ் அண்ணாச்சியும் இப்ப ஒரு சின்ன வள்ளம் செப்பனிட்டு வெச்சிருக்காக. மூட்டை ஏத்தி முடிச்ச உடனே ஆத்துக்குள்ள போயிருவாக. நடுவுல போயி நங்கூரம் போட்டு உக்காந்திருவாக. தூண்டில் கொண்டு போறாக, ஆனா ஒரு மீன் கொண்டு வந்ததில்ல. நான் கரையில இருந்து கூப்பிட்டா கேக்காது, அவ்வளவு தூரம்.

ஆனா ஒண்ணு சொல்லணும்மா. இருட்டுறதுக்கு முந்தி வீட்டுக்கு வந்து, கால் கழுவிட்டு, சோத்துல கை வெச்ச உடனே அவுக பேசுதாக. நெசமாத்தான் சொல்லுதேன். ஓங்கில், அதான்மா டால்பின், ஒண்ணு குட்டியோட முகத்துவாரம் வரைக்கும் வந்துச்சாம், வள்ளத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சாம். குட்டி மூச்சு விடுற சத்தம் இன்ன மாதிரி இருந்துச்சுன்னு வாயாலேயே செஞ்சு காட்டினாக. அலைக்கு ஒரு நிறம் இருக்காம், மேகம் வந்தா இன்னொரு நிறமாம். கல்யாணம் கட்டின இத்தனை வருசத்துல அவுக இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. நான் குறுக்க பேசாம கேட்டேன். கொஞ்சம்தான் பேசினேன்.

படுத்துக்கிட்டே யோசிச்சேன். இந்த மனுசனுக்கு ஆத்து நடுவுல போனா இவ்வளவு பேச்சு வருதுன்னா, வீட்டுக்கு வந்து சொல்லுறதுக்குள்ள பாதி மறந்துருமே. பாவம், அங்க மொராயிஸ் அண்ணாச்சியும் வாயைத் தொறக்க மாட்டாரு. பக்கத்துல கேக்க ஒரு ஆளு வேண்டாமா.

அதான் இன்னைக்குக் கிளம்பிட்டேன். பாளையங்கோட்டையில ஒரு கடையில தண்ணியில மிதக்கிற ஜாக்கெட் விக்காகளாம், என் சைசுக்குக் கூட இருக்காம். அவுககிட்ட இன்னும் சொல்லல. நாளைக்குச் சாயங்காலம் போட்டுக்கிட்டுப் போயி, படியில நின்னு, கையை நீட்டப் போறேன். பிடிச்சு ஏத்திருவாக. அன்னைக்கு ஏத்துனாகல்ல. நீங்களே சொல்லுங்கம்மா, எனக்கு ஆரஞ்சு கலர் எடுப்பா இருக்குமா, மஞ்சள் எடுப்பா இருக்குமா?